கார்விக் ஏரிக்கரை வெர்னா

வெர்னா டோல்சன் குனிந்து, யாரோ ஒருவருடைய வீட்டுவண்டியின் வாசற்படியில், சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை வைக்கிறார். காலை ஏழு மணி. உள்ளே இருப்பவர்கள் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. குமிழ் இடப்பக்கம் ஒதுங்குகிறது. கதவைத் தட்டுகிறார்.

"வண்டி சாஞ்சு நிக்குது. இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள ஃப்ரிட்ஜ் படுத்துடும். அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பலகை குடுங்க."

"எனக்கு நேராத்தானே தெரியுது?"

"கண்ணு உங்க பேச்சக் கேக்கும். குமிழ் கேக்காது."

அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காட்டுக்குள் இருக்கும் கார்விக் ஏரிக்கரை விடுமுறை முகாமுக்கு மே முதல் செப்டம்பர் வரை இவர்தான் பொறுப்பாளர். வயது எழுபத்தொன்று. சம்பளம் கிடையாது, வண்டி நிறுத்த ஏரியை ஒட்டி ஓர் இடம், தண்ணீர், மின்சாரம், அவ்வளவே. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கணவர் இறந்தபின் வீடு என்று இருப்பது பிக்கப் வண்டியில் பூட்டி இழுக்கும் இருபத்திரண்டு அடி டிரெய்லர்தான். முகாமைக் காலி செய்பவர்களின் அடுப்புக் குழியில் வெறுங்கையை விட்டுச் சாம்பலைத் துழாவிப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால்தான் போக விடுவார். வருஷா வருஷம் வருகிற டுவேன், அவர் தலை தெரிந்ததுமே பக்கத்து வண்டிக்குக் கேட்கச் சொல்வார்: "ஆய்வாளர் வர்றாங்கப்பா, வயித்த உள்ள இழுத்துட்டு நேரா நில்லுங்க."

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு பிற்பகல் காற்று திசை மாறியது. மூன்று நாளாக மலைக்கு அப்பால் இருந்த தீ, முகட்டைத் தாண்டிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, அரை மணிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்கு விரைந்தார். வெர்னா ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "நாற்காலி, பாய் எல்லாம் கிடக்கட்டும். ஆளும் வண்டியும் போதும்." தன் பிக்கப்பில் டிரெய்லரைப் பூட்ட இருபது நிமிஷமாவது வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

வெளியே போக ஒரே ஒரு மண்பாதை. பாதி வண்டிகள் போன பிறகு, அதன் முதல் வளைவில் கோல்பி என்ற இளைஞனின் முப்பதடி டிரெய்லர் சிக்கிக்கொண்டது. ஒடித்துத் திருப்பியதில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பதற்றத்தில் பின்னால் எடுத்தான். டிரெய்லர் மடங்கிப் பாதையின் குறுக்கே நின்றது. பின்னால் பதினோரு வண்டிகள். ஹாரன் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. கூரைகளின் மேல் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது.

டுவேன் இறங்கி வந்தார். "கழட்டிப் பள்ளத்துல தள்ளிட்டுப் போவோம். என் பேத்தி வண்டிக்குள்ள இருமிட்டிருக்கா."

கோல்பியின் மனைவி மேரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்களுக்கு வேற வீடு இல்லீங்க. இருந்த வீட்ட வித்துட்டுத்தான் இத வாங்கினோம்."

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் குடு டுவேன். அதுக்குள்ள வரலேன்னா நானே தள்ளிவிடறேன். சக்கரத்துக்குக் குடுக்கிற பலகை எல்லார்கிட்டயும் இருக்கும், எடுத்துட்டு வாங்க." பிறகு கோல்பியிடம், "நீ இறங்கு."

"நான் ஓட்டிடுவேன் மேடம்."

"ஓட்டுவே. இன்னிக்கு வேண்டாம்."

பள்ளத்தில் பலகைகளை அடுக்கினார்கள். வெர்னா கோல்பியின் பிக்கப்பில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார். சாண் அளவு முன்னே, விரல் அளவு பின்னே. ஒரு பலகை படீரென்று முறிந்தது. டுவேன் மண்டியிட்டு இன்னொன்றைச் செருகினார். மலைச்சரிவில் பைன் மரங்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெர்னா தலையைத் திருப்பவில்லை. எட்டாவது நிமிஷம் சக்கரம் மேலேறியது. டிரெய்லர் முனகிக்கொண்டே நிமிர்ந்தது.

கோல்பியை மறுபடி ஏற்றி அனுப்பி, பின்னாலிருந்த பதினோரு வண்டிகளும் போனபின் அவர் தம் இடத்துக்கு ஓடினார். டிரெய்லருக்குப் பின்னால் புதர் எரிந்துகொண்டிருந்தது. பூட்டுவதற்கு நேரமில்லை. பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வெறும் கொக்கியோடு கடைசியாக வெளியே வந்தார். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். பிறகு பாதையை மட்டும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அடிவார ஊரின் பள்ளி மைதானத்தில் எல்லோரும் தங்கினார்கள். ஏரிக்கரையில் எதுவும் மிஞ்சவில்லை என்று செய்தி வந்தது. டுவேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெர்னா பக்கத்தில் வந்து நின்றார். மேரன் தன் டிரெய்லர் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாங்க. கட்டில் விரிச்சு வச்சிருக்கேன்."

வெர்னா படியருகே வந்தார். ஏறாமல் குனிந்தார். கரி அப்பிய பூட்ஸின் நாடாவை நிதானமாக அவிழ்த்து, இரண்டையும் வெளியே ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே ஏறினார்.