காலி லாட்ஜின் அழைப்பு மணி

பலவேசத்துக்கு வயது ஐம்பத்தைந்து ஆகிறது. ஆனாலும் குற்றாலத்தில் அவர் வேலை பார்க்கிற லாட்ஜில் அவர் ரூம் பாய்தான். தலை நரைத்துக் கொட்டியும் அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சுரண்டை வீட்டைப் பூட்டிவிட்டு, லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்கே குடிவந்துவிட்டார். மகள் திருப்பூரில் இருக்கிறாள். போன் போட்டால் இரண்டு வார்த்தை பேசுவாள், அதற்குள் குழந்தை அழுதுவிடும்.

சாரல் சீசனில் மனுஷனுக்கு நிற்க நேரம் இருக்காது. அறையில் இருப்பவர்கள் பொத்தானை அழுத்தினால் கீழே ஆபீஸில் மணி அடிக்கும். "இந்தா வருதேன் சார்" என்று ஓடுவார். பாதிப் பேர் கேட்பது டீதான். பிளாஸ்க்கோடு கிதிர் முகம்மது கடைக்குப் போவார். பிளாஸ்க் கொண்டு வருகிறவருக்கு ஒரு கிளாஸ் டீ சும்மா கொடுப்பது அந்தக் கடை வழக்கம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு டீ என்று உடம்பு பழகிப்போயிற்று.

ஐயப்ப சாமிகளும் வந்து போய், தையும் பிறந்துவிட்டால் ஊர் ஓய்ந்துவிடும். அருவியில் தண்ணீர் இருக்காது, லாட்ஜில் ஆள் இருக்காது. கிதிர் முகம்மதும் கடையைச் சாத்திவிடுவார். காவலுக்குப் பலவேசம் மட்டும்தான். பேச ஆளில்லாமல் என்னதான் செய்வார், பாவம்? தன் அறையிலேயே பால் இல்லாத கட்டன் டீ போட்டார். குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவினார், மறுபடியும் போட்டார். பொழுது அப்படித்தான் நகர்ந்தது. தூக்கம் போயிற்று. அந்த அலுப்புக்கும் கட்டன்தான். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, காரணமே இல்லாமல் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாசியில் ஒரு மத்தியானம் ஆபீஸ் மணி அடித்தது. "இந்தா வருதேன் சார்" என்று மாடிக்கு ஓடினார். எல்லா அறையும் வெளியே பூட்டிக் கிடந்தது. மறுநாளும் அடித்தது. அப்புறம் தினமும் அடித்தது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று மிரண்டுபோனார். முதலாளி காதுக்குப் போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார். சுரண்டை வீட்டில் தனியாகக் கிடப்பதை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கியது. தென்காசிக்கு பஸ் ஏறினார்.

டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், டீயைப் பற்றிக் கேட்டார். பலவேசம் சொன்ன கணக்கைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை டீயும் தூக்கமில்லாததும் சேர்ந்தால் படபடப்பு வரும், பயம் வரும், இல்லாத சத்தமும் காதில் கேட்கலாம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும், அதற்குப் பிறகும் மணி கேட்டால் உடனே வரணும் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"கூட யாரு இருக்கா அண்ணாச்சி?"

"இருவத்திரண்டு ரூம் இருக்கு டாக்டரம்மா."

சொன்னபடி குறைத்தார். முதலில் தலை வெடித்துவிடும்போல வலித்தது. பிறகு வலி விட்டது, தூக்கம் வந்தது, கை நடுக்கம் நின்றது. மணியும் நின்றுவிட்டது. சந்தோஷம்தானே? பலவேசமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். ஆனால் மத்தியானமானால் காது தானாக ஆபீஸ் பக்கம் போயிற்று. பொய் மணி என்றாலும் அது அவரைத்தானே கூப்பிட்டது!

பங்குனியில் ஒருநாள் சாவிக்கொத்தோடு மாடி ஏறினார். மணி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போவதாகத் தனக்குத் தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். கோடி அறையைத் திறந்து பொத்தானை அழுத்தினார். கீழே மணி கணீரென்று அடித்தது.

"இந்தா வருதேன் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இத்தனை வருஷத்தில் உட்காராத கட்டிலில் உட்கார்ந்தார். கையை நீட்டி மறுபடியும் அழுத்திவிட்டு, படியில் யாராவது ஏறி வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.