ஒரு நாள் தள்ளிய பிறை

எங்கள் பூந்தமல்லி வீட்டு மொட்டை மாடியில் நின்று, சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பைனாகுலரால் செம்பரம்பாக்கம் பக்கத்து வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தார் எதிர்வீட்டு பாய். 1988, மே மாதம், நோன்பு இருபத்தொன்பது. தெருவே பிறை தேடியது. அவர் தேடியதில் மட்டும் பதற்றம் இருந்தது.

பாய் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பாஸ்போர்ட் இந்தியாவுடையது, கையில் அந்நாட்டு நிரந்தரவாசிக்கான நீல அட்டை. அங்கே வேலை பார்க்கலாம், சேமநிதி சேரும், ஓட்டு மட்டும் கிடையாது. இங்கேயோ, ஊரில் இல்லாதவர் என்று வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். "ரெண்டு ஊட்லயும் பந்தி கீது தம்பி, எனக்குத்தான் எலை இல்ல" என்பார். சிங்கப்பூரைவிட்டு வெளியே வந்தால் திரும்ப நுழையத் தனி அனுமதி வேண்டும். அது முடியுமுன் போய் இறங்காவிட்டால் நிரந்தரவாசம் போய்விடும்.

மகளின் நிக்காஹைப் பெருநாளின் மூன்றாம் நாள் என்று ஆம்பூர் சம்பந்திகளிடம் பேசி முடித்திருந்தார். காலையில் நிக்காஹ், இரவு விமானம், மறுநாளோடு அனுமதி முடிவு. இருபத்தொன்பதிலேயே பிறை தெரியும் என்று நம்பிப் போட்ட கணக்கு. தெரியவில்லை. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போக, நிக்காஹ் விமானத்துக்கு மறுநாள், அனுமதி முடியும் நாளிலேயே வந்து விழுந்தது. அன்றிரவு ஏறினாலும் போய் இறங்குமுன் தேதி தாண்டிவிடும்.

அதன்பின் பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. நசரத்பேட்டை வரை நடப்பார், திரும்புவார், மறுபடி கிளம்புவார். ஒரு நாள் முன்னால் வைக்கலாமா என்று சம்பந்தியிடம் போனில் கேட்டார். "எங்க ஜனம் மூணாம் நாளுக்குன்னுதான் பஸ்ஸு பேசியிருக்கு பாய்" என்று பதில் வந்தது.

"நீ கெளம்பு மச்சான். ஒனக்குப் பதிலா, பொண்ணுக்கு வக்கீலா நின்னு நான் முடிச்சுக் குடுக்கறேன், மார்க்கத்துல எடம் கீது" என்றார் அவர் மனைவியின் தம்பி.

"உன் பொண்ணு நிக்காஹுக்கு நீ இருந்தியா, ஆள அனுப்புனியா?" என்று திருப்பிக் கேட்டார் பாய்.

மகள்தான் தெளிவாகப் பேசினாள். "போய்ட்டு வாங்க அத்தா. இல்லாங்காட்டி அப்பாலிக்கா என் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் உங்களுக்கு அந்தக் கார்டுதான் தெரியும்."

விமானத்துக்குப் பெட்டியோடு ஆட்டோவில் ஏறியவர், குமணன்சாவடி தாண்டுமுன் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவரே நிக்காஹ் செய்துகொடுத்தார். அப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது என் மகன் வேறொரு நாட்டில் அப்படியொரு அட்டையோடு இருக்கிறான். அவன் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே திரும்பும் தேதியைக் கேட்டுவிடுகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

அந்த நிக்காஹுக்கு மறுவருடம், சிங்கப்பூர் அறையில் கிடந்த சாமான்களை எடுத்துவர, வெறும் பயணியாகப் பாய் அங்கே போய்வந்தார். வந்ததும் என்னிடம் சொன்னார்:

"ஏர்போர்ட்ல முத்திர குத்தறவன் எதுக்கு வந்தேன்னு கேட்டான் தம்பி. இருபது வருசம் இருந்த ஊரு, இன்னான்னு சொல்றது? சுத்திப் பாக்கன்னு சொல்லிட்டேன். வெளிய வந்தப்பறம்தான் தோணுச்சு, அந்த ஊர நான் ஒரு நாளும் சுத்திப் பாத்ததே இல்ல. அப்பறம் பாத்தேன்."