காவோலைக் கும்பி

புத்தகங்களை அடுக்கி வைக்க எனக்குப் பயம். ஐம்பதைத் தாண்டிய, நாலெழுத்துப் படித்த மனிதன் வெளியில் சொல்லக்கூடிய விஷயமல்ல இது. காய்ந்த எதுவும் ஓரிடத்தில் உயர்ந்து நின்றால் உடனே கலைத்துவிடுவேன். ஆகவே கட்டிலின் கீழ், அரிசிப் பெட்டியின் மேல், குளியலறை யன்னலில் என்று வீடு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் மனைவி இதை இலக்கிய ஈடுபாடு என்று சொல்லிச் சமாளிக்கிறாள்.

எல்லாம் பனைகள் அடர்ந்த எங்கள் ஊர்ப் பனங்கூடலால் வந்தது. அதன் ஓரத்தில் மாமியின் ஓலைவீடு இருந்தது. ஐயா என் அப்பா; மாமி அவருடைய தங்கை. கணவனை இழந்து தனியே இருந்தவர். நான் சிறுவனாயிருந்த ஒரு கோடையில் கூடலுக்குள் விழுந்து கிடந்த காவோலை தீப்பற்றி, இளம்பனைகளான வடலிகள் சில கருகின. அடுத்த சோளகக் காற்றுக்கு முன் காய்ந்த ஓலையெல்லாம் பொறுக்க வேண்டும், கூலிக்கு ஊரே காசு போட வேண்டும் என்று சனசமூக நிலையத்தில் முடிவானது. தலைவர் ஐயாதான். கூடலில் பங்குள்ளவர்கள் யோசித்து யோசித்துக் கொடுத்தார்கள். பங்கே இல்லாத மாமி தன் மறியாட்டை விற்று முதல் ஆளாய்க் கொடுத்தார்.

ஓலை பொறுக்கியாயிற்று. பிறகுதான் அது யாருடைய ஓலை என்ற கேள்வி வந்தது. எங்கள் ஊரில் ஒரே பனையில் மூன்று பேருக்குப் பங்கிருக்கும். பங்காளி ஒருவர் மலாயாவில். அவர் சம்மதிக்காமல் பிரிக்க முடியாது. அதுவரை குவித்து வைப்பதென்றார்கள். மாமியின் வேலியோடு, அவர் வீட்டு முகட்டைவிட உயரமாய் எழுந்தது கும்பி.

"அண்ணை, உதை உங்கடை வளவிலை வையுங்கோவன்," என்று மாமி ஐயாவிடம் கேட்டார்.

"நான் பங்குக்காரன், பிள்ளை. என்ரை வளவிலை வைச்சால் அமத்திப்போட்டன் எண்டு கதைப்பாங்கள். உனக்கு உதிலை பங்கில்லை. உன்னை ஒருத்தரும் சந்தேகப்படாயினம்."

"சனம் சந்தேகப்படாது. நெருப்புக்கு உந்த ஞாயம் விளங்குமோ?"

ஐயா சிரித்தார். ஐயா சிரித்ததால் நானும் சிரித்தேன்.

சோளகம் எழும்பிய ஒரு மத்தியானம் கும்பி பற்றியது. யாரோ எறிந்த குறைச்சுருட்டு என்றார்கள். ஆட்கள் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். உடுத்த சேலையோடு மாமி ஒழுங்கையில் நின்றார். அவருடைய ஓலைவீட்டில் சுவர் மட்டும் மிஞ்சியது. பனங்கூடலில் ஒரு வடலிகூடக் கருகவில்லை. அந்த வகையில் திட்டம் முழு வெற்றி.

மறுநாள் காலை பங்காளிகள் சாக்குகளோடு வந்தார்கள். சாம்பல் வெங்காயத் தறைக்கு உரமாகும் நல்ல பசளை.

"பிரிக்கிறதெண்டால் நீதியாய்ப் பிரிப்பம்," என்றார் ஒருவர்.

"அப்ப எனக்கும் தாருங்கோ," என்றார் மாமி. "உதுக்கை என்ரை கூரையும் கிடக்குது. இப்ப நானும் பங்குக்காரிதானே, அண்ணை?"

ஐயா தன் சாக்கை மாமியின் காலடியில் வைத்துவிட்டு நடந்தார். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியதெல்லாம், மாமிக்குச் சொத்து வந்துவிட்டது என்பதுதான். அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடி, குசினிக்குள் நின்ற அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"ஓம், பெரிய பங்குக்காரி. அவவுக்கும் சேர்த்து உலையிலை அரிசி போட்டிருக்கிறன். போய்க் கூட்டிக்கொண்டு வா."