பாதியில் எழுந்திருக்கக் கூடாது

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஊதா உறை போட்ட செல்போன் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. என்னுடையது இல்லை. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் என்னோடு நின்றவளுடையது. கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வந்து, என் அறையிலேயே தங்கியவள். வயதில் இளையவள் என்பதால் தங்கச்சி என்றே கூப்பிட்டேன். சரியான வாயாடி. கடையையே புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போகிறவர்களைப் போலவே நடந்துகாட்டி எங்கள் எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

எல்லாம் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், எந்த ஊரோ தெரியாது, தங்கச்சியின் போனுக்குள் கதறிக்கொண்டிருந்தாள். தங்கச்சி சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, கூடவே அழுதுகொண்டு கடைசிவரை பார்த்தாள். அடுத்து, புருஷனை இழந்தவள் ஒருத்தி வந்தாள். அதையும் பார்த்தாள்.

"தள்ளி வுட்டுட்டு சோத்தைத் தின்னுடி" என்றேன்.

"தப்புக்கா. அழுதுக்கினு இருக்கறவங்கள பாதியில வுட்டுட்டு எழுந்து போவக் கூடாது. எங்க மலையில அவங்க ஓயற வரைக்கும் கூடவே குந்தியிருப்போம்."

சாவு வீட்டு மரியாதையை அவள் செல்போனுக்கும் காட்டினாள். அந்தப் பாழாய்ப்போனது அதை ஆசை என்று எடுத்துக்கொண்டது. போகப் போக அழுகையைத் தவிர வேறெதையும் அது அவளுக்குக் காட்டவில்லை. பில் போடும் பெண்தான் விளக்கிச் சொன்னாள்: "முழுசா பாக்கறியே, உனக்குப் புடிக்குதுன்னு நெனைச்சிக்கினு மேல மேல அனுப்புது." தங்கச்சி திகைத்துப் போனாள். "அழுவறது யாருக்காச்சும் புடிக்குமாக்கா?"

தெரிந்த பிறகும் விட முடியவில்லை. தள்ளிவிட விரலைக் கொண்டுபோவாள், தொடாமலே திரும்ப எடுத்துக்கொள்வாள். போனைப் பிடுங்கி வைத்தேன். "யாராச்சும் அழுதுக்கினு இருப்பாங்கக்கா, குடுத்துடு" என்று பின்னாலேயே வந்து வாங்கிக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. சிரிப்பு நின்றது. பிறகு அவள் அழுகையும் நின்றது. வறண்ட கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளை கண்ணெதிரே கரைவது மாதிரி இருந்தது எனக்கு. ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அவள் ஊருக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் நானும் கூடப் போனேன். அப்பா என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவர் கால்மாட்டில் மரம்போல உட்கார்ந்திருந்தாள். அவள் அத்தை தோளைப் பிடித்து உலுக்கினார்: "அழுதுடுடி, நெஞ்சு வெடிச்சிடும்." பின்னாலிருந்து யாரோ, கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் என் காதோரம் குனிந்தாள்.

"வரமாட்டேங்குதுக்கா. எல்லாத்தையும் அவங்களுக்கே அழுது தீத்துட்டேன். அப்பாவுக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல."

போனை என் கையில் திணித்தாள். "எடுத்துக்கினு போயிடுக்கா." அதன்பின் அவள் கீழே இறங்கவே இல்லை.

வருஷத் திதி முடிந்த பிறகு பார்க்கப் போனேன். வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஓட்டம் இருந்தது, முகத்தில் ஒன்றும் இல்லை. "அழுதியாடி?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அவளைச் சிரிக்க வைக்க, எங்கள் வாடிக்கையாளர்களைப் போல நடந்துகாட்டினேன். மரியாதைக்குக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேண்டி" என்று சொல்லிவிட்டேன்.

"சாவு வூட்ல அப்படிச் சொல்லக் கூடாதுக்கா."

"அப்பா போயி வருஷம் திரும்பிடுச்சேடி."

"நான் அப்பாவச் சொல்லல" என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளிடம் கொடுக்கலாமென்று எடுத்துப் போன போனைப் பையிலேயே திரும்பக் கொண்டுவந்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நிமிர்த்திப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உள்ளே இன்னும் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். உட்கார்ந்துவிட்டால், நானும் பாதியில் எழுந்திருக்க மாட்டேன்.