பட்டியலில் இல்லாத மொவிமா

ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் கந்தோரில், பட்டியலில் இருந்தால்தான் அது மொழி. லண்டன் அப்டன் பார்க்கில் ஹெட்செட்டோடு நான் ஆறு வருடம் இருந்தேன். போனில் வயிறு வளர்க்கும் ஆட்களே, உங்களுக்கு இது விளங்கும்.

ஸ்பானிஷ் போதும்

பொலிவியாவிலிருந்து வந்து லண்டனில் துப்புரவு வேலை செய்யும் எலெனா அழைத்தாள். அவளுடைய தாய் ரோசா, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தா. ஸ்பானிஷ் முழுக்கப் போய், சின்ன வயதில் பேசிய மொவிமா மட்டும் மிஞ்சியிருந்ததாம். பட்டியலில் தேடினேன். இல்லை. வேறெந்த மொழியோடும் உறவில்லாத மொழி, இப்போது பேசுகிறவர்கள் அநேகமாக வயதானவர்கள் என்று இணையத்தில் இருந்தது. மேலாளர் நந்தன் அண்ணையிடம் போனேன்.

“பொலிவியா தானே? ஸ்பானிஷ் எண்டு போட்டு அனுப்பும். ஆருக்குத் தெரியப்போகுது?”

போட்டேன்.

எரிச்சல்

ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் போய் வெறுங்கையோடு திரும்பினார். கிழவி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறாள், தாதி ‘குழப்பம்’ என்று எழுதிவிட்டாள் என்றார். எலெனா மறுபடியும் அழைத்தாள். என் மகளுக்கே ‘அம்மா’வைத் தாண்டித் தமிழ் வராது. அதை மறந்து, “தாயின்ரை மொழி உமக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தேன். எலெனா சொன்னாள்:

“மொவிமா கதைச்சதுக்குப் பள்ளிக்கூடத்திலை அம்மாவை முழங்காலிலை நிக்க வைச்சவை. எங்களுக்கும் அது வேண்டாமெண்டு ஒளிச்சிட்டா.”

ஒன்பதாம் நாள்

ரோசாவின் தங்கை பொலிவியாவில் இருப்பதாக எலெனா சொன்னாள். அவவுக்கு இரண்டு மொழியும் தெரியும். பதிவு செய்யாத ஆள் மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி. “ஒருத்தரையும் கேளாதையும். சின்னம்மாவுக்கு அடிச்சு, போனைத் தாயின்ரை காதிலை வையும்,” என்றேன் எலெனாவிடம். தங்கை ஸ்பானிஷில் சொல்ல, எலெனா தாதிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: ஆஸ்பத்திரிக்கு வந்த முதல்நாளே குளியலறையில் விழுந்தவ, இடுப்பு நோகுது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிந்திருந்தது. நாள் பிந்திவிட்டது, இனி நடக்க ஏலாது என்றார் டாக்டர். ரோசா வேறென்ன சொன்னா என்று எலெனாவைக் கேட்டேன்.

“ஒன்பது நாளாய்ச் சொல்லுறன், ஏன் ஒருத்தரும் மறுமொழி தரேல்லை எண்டு கேக்கிறா.”

விசாரணை

ஆஸ்பத்திரி விளக்கம் கேட்டது. மொவிமா என்று தெரிந்தே ஸ்பானிஷ் போட்டதாக நான் எழுதினேன். நந்தன் அண்ணை அந்த வரியை வெட்டினார்.

“ஸ்பானிஷ் ஆளை அனுப்பினனாங்கள்தானே, தங்கச்சி? அதுவும் உண்மைதான்.”

வெட்டாத பிரதியை நான் எலெனாவுக்கு அனுப்பிய அடுத்த கிழமையே, ‘தொடர்பாடலில் மிகத் திறமையானவர்’ என்று நல்ல ஆங்கிலத்தில் நற்சான்று எழுதித் தந்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.