வலை காயும் வரை

நான் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பந்தியில் மோர் வருவதற்குள் எழுந்துவிடுவேன். பஸ் நிற்பதற்குள் படிக்கட்டுக்கு வந்துவிடுவேன். வயது ஐம்பதாகியும் அந்தக் குணம் போகவில்லை; வங்கியில் டோக்கனைக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னால் எனக்கு ஜுரம் வந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு ஒன்பது வயதில் கடலை முதன்முதலாகக் கண்ணில் காட்டி, அதில் கால் வைக்க விடாமல் இரண்டு மணி நேரம் காக்கவைத்தார்கள். அதற்குக் காரணம் என் பெரியப்பா. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் எங்கள் ஊர் ஏரிக்குப் போட்ட வேலி.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், பிரம்மதேசத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஏரி பெரியது. ஆனால் இறங்கிக் குளிக்க ஒரே இடம்தான். கால்வாய் வந்து சேரும் மூலையில் நூறடி நீளத்துக்கு வெள்ளை மணல். மீதிக் கரை முழுக்கக் கோரையும் சேறும், எருமைகளுக்குத்தான் லாயக்கு. பெண்கள் துவைத்துக் குளிப்பது, பிள்ளைகள் நீச்சல் பழகுவது, காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு போய் உட்காருவது எல்லாம் அந்த மணலில்தான். அங்கே போகும் வழி பெரியப்பாவின் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலைக் காட்டை, ஒட்டிப் போயிற்று. போகிறவர்களின் கை சும்மா இருக்குமா? ஆளுக்கு இரண்டு செடி பிடுங்குவார்கள். நானும் பிடுங்கியிருக்கிறேன், அது எங்கள் கொல்லை என்பதையே மறந்துபோய்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெரியப்பா சர்வேயரை அழைத்துவந்து சங்கிலி போட்டு அளந்தார். கொல்லை மட்டுமல்ல, மணல் முழுவதுமே அவருடைய பட்டாவிலேயே இருப்பதாகத் தெரிந்தது. அல்லது, எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டு எழுந்தபிறகு சர்வேயருக்கு அப்படித் தெரிந்தது. பொங்கல் கழிந்த வாரமே கல்லுக்கால் நட்டு, முள்கம்பியைத் தண்ணீர் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார். போய்வர நடுவில் ஒரு படல். ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே ஒரு டிராக்டர்தான், அது அவருடையது. உழவு என்றால் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். பெண்கள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எருமைகள் இறங்கும் பக்கம் போனார்கள். அங்கே நின்று எருமைகளைத்தான் திட்டினார்கள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நூறடி மணலும் எங்களுடையது! படலைத் திறக்கவும் சாத்தவும் எனக்கு அனுமதி உண்டு. முதல் நாள் ஓடினேன், புரண்டேன், கத்தினேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. ஆளே இல்லாத மணலில் என்னதான் விளையாடுவது? தண்ணீரை யார்மேல் வாரி அடிப்பது? பெரியம்மாகூட அந்தப் பக்கம் வரவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் எப்படித் துவைப்பது என்று கேட்டுவிட்டு, வீட்டுக் கிணற்றடியிலேயே துவைத்துக்கொண்டார்.

மரக்காணத்துப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு மீன்காரம்மா வருவார். காலை பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கி, தெருத்தெருவாக விற்றுமுடித்து, ஏரி மணலில் கூடையைக் கழுவிக் கவிழ்த்து, தலைக்கு முழுகி, வேறு புடவை கட்டிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போவார். அப்படிப் போனால்தான் கண்டக்டர் ஏற்றுவார். மீன் நாற்றத்தோடு போனால் விசில் அடித்துவிடுவார். வேலி போட்ட மறுவாரம் அவர் படலுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே நான் நின்றிருந்தேன்.

“ஒரு முழுக்குப் போட்டுக்கினு போயிடறேன் பாப்பா. தொறந்து உடு” என்றார்.

நான் திறக்கவில்லை. யாரையும் விடக்கூடாது என்று பெரியப்பா சொல்லியிருந்தது ஒரு காரணம். சாத்துவதற்கு ஒரு படல் கிடைத்தும், சாத்திக் காட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லையே என்று எனக்கிருந்த குறை இன்னொரு காரணம். இதை இன்றைக்குச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சத்தம் கேட்டுப் பெரியப்பா கொல்லையிலிருந்து வந்துவிட்டார்.

“உங்களுக்குத்தான் ஒரு சமுத்திரமே கீதே. அங்க போய் கழுவிக்கறதுதானே?”

“சமுத்திரத்துக்குப் போவணும்னா பஸ்ஸு ஏறணும் ஐயா. பஸ்ஸுல ஏத்தணும்னா கழுவிட்டுப் போவணும்.”

 பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டா என்றார், சர்வே நம்பர் என்றார், தாலுகா ஆபீஸ் என்றார். மீன்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு இரண்டு மணி பஸ் அவரை ஏற்றாமல் போய்விட்டதாகவும், அவர் வெயிலில் பிரம்மதேசம் தாண்டி நடந்தே போனதாகவும் ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவே இல்லை. ஒரு மாதம் முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும்தான். மீன் இல்லாவிட்டால் பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது. ஆனால் அதை அவர் யாரிடம் போய்ச் சொல்லமுடியும்?

மாசி மகம் வந்தது. மாசி மகத்துக்கு எங்கள் ஊர்ப் பெருமாள் கடலாடப் போவார். சாமியைக் கடல் தண்ணீரில் நீராட்டிய பிறகுதான் சனங்கள் இறங்கி முழுகுவார்கள். சாமி நனையாமல் திரும்பினால் ஊருக்கு ஆகாது. மழை தவறினாலும் மாடு செத்தாலும் அன்றைக்குச் சாமியைக் கூட்டிப்போனவர் தலையில்தான் விழும். கூட்டிப்போவது பெரியப்பாவின் டிராக்டர். போகும் இடமோ, தலைமுறை தலைமுறையாக, அந்த மீன்காரம்மாவின் குப்பத்துக் கடல். வேலி போடும்போது பெரியப்பா இதை யோசித்திருக்க வேண்டும். அவர் மல்லாட்டையைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம்தான் என்னையும் அழைத்துப்போனார்கள். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பியது வண்டி. டிராக்டர் பெட்டியில் வாழைமரம் கட்டி, பூ அலங்காரத்தோடு நடுவில் பெருமாள், சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும். பின்னால் மாட்டுவண்டிகளில் மற்றவர்கள். நான் உட்காரவே இல்லை. கடல் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு புளியமரத்துக்கும் எழுந்து பார்ப்பேன். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். உப்பளங்களைத் தாண்டியதும் கூரைகளுக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

குப்பத்துக்குள் நுழைந்ததும் டிராக்டர் நின்றது. மேளமும் நின்றது. கடற்கரைக்கு இறங்கும் வழி முழுக்க வலை விரித்திருந்தது. ஒரு வலை அல்ல, பத்துப் பதினைந்து வலைகள், இந்தப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர் வரை. ஓரத்தில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். வலையை மிதிக்கக் கூடாது. அவர்களுக்குச் சோறு போடுவது அது. இது எங்கள் ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

குப்பத்துப் பெரியவர் எழுந்துவந்து சாமிக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“வலை காயுதுங்க. காஞ்சதும் எடுத்துடறோம்” என்றார்.

“எப்பங்க காயும்?”

“வெயிலு ஏறணும்ங்க. சாயந்தரம் ஆவும்.”

பட்டாச்சாரியாருக்கு வேர்த்துவிட்டது. பதினொன்றரைக்குள் தீர்த்தவாரி முடியவேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டினார். மணி ஒன்பதரை. இது வருஷா வருஷம் நாங்கள் வருகிற வழியாயிற்றே என்றார் பெரியப்பா.

“ஆமாங்க. எங்க பொம்பளையும் வருஷக்கணக்கா உங்க ஏரியிலதாங்க குளிச்சிக்கினு இருந்துச்சி” என்றார் பெரியவர், குரலை உயர்த்தாமலே. “உங்களாண்ட பட்டா கீது. எங்களாண்ட வலைதாங்க கீது.”

தெற்கே அடுத்த குப்பத்துக்குப் போய்விடலாம் என்று எங்கள் ஆட்களில் ஒருவர் யோசனை சொன்னார். ஒருவன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கேயும் வலை காய்ந்துகொண்டிருந்ததாம்.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் ஏறவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் ஐம்பதடி மணல், அதற்கப்புறம் கடல். ஒவ்வோர் அலையாக வந்து வந்து என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். தண்ணீர் வேண்டும் என்றேன், ஒன்றுக்கு வருகிறது என்றேன். எப்போது போவோம் எப்போது போவோம் என்று நச்சரித்து, அம்மாவிடம் தொடையில் ஒரு கிள்ளு வாங்கினேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், வீட்டு நிழலில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவை முறைத்தேன்.

பத்தரை மணி வாக்கில் பெரியம்மா பெட்டியை விட்டு இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கமாகவே நடந்து, நேராகப் போய் மீன்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஆளையே காணோம்?” என்று கேட்டார், ஊருக்கே தெரிந்த காரணம் தனக்கு மட்டும் தெரியாதது போல.

அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. ஆண்கள் டீ குடிக்க ஒதுங்கினார்கள். டிராக்டரில் பெருமாளும் பெரியப்பாவும் மட்டும் மிஞ்சினார்கள். பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல.

மணி பதினொன்று ஆனபோது என்னால் முடியவில்லை. ஓடினேன். வலை, மரியாதை, ஒன்றும் ஞாபகம் இல்லை. நாலு எட்டு வைப்பதற்குள் கால் விரல் வலைக்கண்ணில் மாட்டி முகம் குப்புற விழுந்தேன். வாயெல்லாம் மணல். எழுந்திருக்கப் பார்த்தால் இன்னொரு காலும் மாட்டிக்கொண்டது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மீன்காரம்மாதான் முதலில் வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மணலில் உட்கார்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இழை அறுந்துவிடாமல் மெதுவாக எடுக்க ஆரம்பித்தார்.

“எங்க ஓடற பாப்பா?”

“கடலுக்கு.”

“கேட்டியா?”

கடலுக்கெல்லாமா கேட்கவேண்டும் என்று எனக்கு ஆச்சரியம். “கேட்டா உடுவீங்களா?” என்றேன்.

“கேட்டா உடாம இன்னா?”

இவ்வளவுதானா விஷயம்! இதற்கா இவ்வளவு நேரம்? நான் டிராக்டர் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினேன். “பெரியப்பா! கேட்டா உடுவாங்களாம்! ஜல்தியா கேளுங்க!”

ஊரும் குப்பமும் அவரைப் பார்த்தன. பெரியப்பா இறங்கினார். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்து வலையின் ஓரத்தில் நின்றார்.

“வழி உடு” என்றார்.

மீன்காரம்மா என் காலிலிருந்து இழையை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வழி உடுங்கம்மா” என்றார் பெரியப்பா. அவர் குரல் அவ்வளவு சன்னமாக வந்து நான் கேட்டதே இல்லை. “வேலிய எடுத்துடறேன்.”

“சாமிக்கு நேரம் ஆவுது, எடுங்கப்பா” என்றார் மீன்காரம்மா, ஆண்களைப் பார்த்து. எல்லா வலையையும் சுருட்டி ஓரம் கட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவை எப்போதோ காய்ந்து மொடமொடவென்று இருந்தன.

பெருமாள் நேரத்துக்குள் நனைந்தார். கோவிந்தா கோவிந்தா என்று எல்லோரும் கடலில் விழுந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஏரியில் நீந்தத் தெரியுமே தவிர அலையில் நிற்கத் தெரியாது. வருகிற அலையில் எல்லாம் விழுந்து விழுந்து எழுந்தார்கள். மீன்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது எப்போது குதிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

வேலி மறுநாளே போயிற்று, மறுவாரம் மீன் வந்தது. இந்தக் கதையை ஊரில் சொல்கிறவர்கள் அதோடு முடித்துவிடுவார்கள். அன்று திரும்பும்போது நடந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

திரும்பும்போது பெரியப்பாவுக்குப் பக்கத்தில் மட்கார்டில் என்னை உட்காரவைத்தார்கள். என் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வேட்டி கஞ்சி மடிப்புக்கூடக் கலையாமல் காய்ந்திருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: எல்லோரும் கடலில் இருந்தபோது அவர் ஒருவர் மட்டும் கரைமேல் நின்றிருந்தார். கால்கூட நனைக்கவில்லை. மாசி மகத்துக்கு முதல் முழுக்குப் போடுகிறவரே அவர்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

“பெரியப்பா, அலைன்னா உங்களுக்கு பயமா?” என்று கேட்டேன்.

அவர் கியரை மாற்றிக்கொண்டே, “ஆமாம்மா” என்றார். “பயம்தான்.”

“அதுக்கு ஒண்ணும் இல்ல பெரியப்பா. அடுத்த வருஷம் அந்த மீன்காரம்மா கையப் புடிச்சிக்கோங்க. அவங்க கெட்டியா புடிச்சிப்பாங்க” என்றேன்.

 ஊர் வந்து சேரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு பெரிய மனுஷர் தண்ணீருக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.