மூக்கு உரிந்த காலம்

போன சனிக்கிழமை என் மகள் கவிதா கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீடியோ கால்தான். ஆனால் கேமராவை அணைத்து வைத்திருந்தாள். கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தேன்... கன்னமெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

பருவுக்கும் கரும்புள்ளிக்கும் டாக்டர் ரெட்டினாய்டு க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் எரியும், உரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்தார். யார் பொறுப்பது?

“இந்த மூஞ்சிய எப்படிம்மா காட்டுறது?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் சிரித்தது அவளைப் பார்த்து அல்ல. பாலோ என்ற சின்ன ஊரிலிருந்து ஜொகூர் பாரு நகரத்துக்கு வேலைக்கு வந்த இருபது வயது சாந்தியைப் பார்த்து — அதாவது என்னைப் பார்த்து.

எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் கிளீன் ரூம் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே. தூசு விழும் என்று முகப் பவுடருக்குக்கூடத் தடை. பரு மண்டிய முகத்துக்கு அதைவிட நல்ல இடம் உண்டா? அந்த ஃபேக்டரி பஸ், ஹாஸ்டலில் எல்லோரும் முண்டியடித்த அந்த ஒற்றைக் கண்ணாடி... இப்போதும் மனசு ஏங்குகிறது.

அங்கேதான் டெக்னீஷியன் குமார் பழக்கமானார். மெஷினைச் சரிபார்க்க வருவார். மாஸ்க்குக்குள்ளிருந்தே கத்திக் கத்திப் பேசிக்கொள்வோம். ஒருநாள், “வெளிய டீ குடிக்கப் போலாமா?” என்றார்.

“அடுத்த மாசம் பாப்போம்” என்றேன். அதற்குள் முகம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு. முழு முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான்.

கிளினிக்கில் இதே மாதிரி க்ரீம் கொடுத்தார்கள். பட்டாணி அளவு, இரவில் மட்டும். நான் கேட்டேனா? சீக்கிரம் குணமாகட்டும் என்று சந்தனம் மாதிரி அப்பினேன். ஒரே வாரத்தில் மூக்கு, கன்னம், தாடை எல்லாம் உரிந்தது.

உடை மாற்றும் அறையில் சூப்பர்வைசர் மேரி அக்கா பார்த்துவிட்டார். “அலமாக்! தோல் இப்படி உரியுதே... உள்ள விழுந்தா எல்லாம் ரிஜெக்ட்லா! சரியாகுற வரைக்கும் பேக்கிங்ல நில்லு.”

பேக்கிங்கில் மாஸ்க் கிடையாது. குமாருக்காகப் பூசிய க்ரீம், குமார் பார்க்கக் கூடாத நேரத்தில் என் மாஸ்க்கைக் கழற்றிவிட்டது.

மறுநாளே அவர் தேடி வந்தார். நேராக என்னிடமே, “இங்க சாந்தின்னு ஒருத்தங்க மாறி வந்தாங்களா?” என்று கேட்டார். அடையாளம் தெரியவில்லை!

“அவங்க லீவு” என்றேன். முகம் வாடித் திரும்பி நடந்தார். அப்படியே போகட்டும் என்று விட மனசு வரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“குமார்!” என்று கூப்பிட்டு, இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டேன்.

“அட... நீங்களா!”

கையை மெல்ல இறக்கினேன். சிவந்த கன்னம், உரிந்த மூக்கு, பரு... எல்லாம் அப்படியே. அவர் பார்த்தார்.

“சாப்ட்டீங்களா?” என்றார்.

நம் முகத்தை நாம் பார்க்கிற அளவுக்கு வேறு யார் பார்க்கிறார்கள்? அன்று அந்தக் கேள்விக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கட்டியும் கொண்டேன். இப்போது பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, எதிரே வந்து நின்றாலும் அதே கேள்விதான் — “சாப்ட்டியா?”